கணக்கில் ஏறாத பாட்டு

மன்னாரின் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தைத் தாண்டினால் முசலிப் பிரதேசம் தொடங்குகிறது. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, கொக்குப்படையான், முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டி என்று வில்பத்துக் காட்டின் விளிம்புவரை நீளும் வறண்ட கரை அது. அரிப்பிலே, கடலரிப்பினால் ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருக்கும் செங்கல் மாளிகையொன்றின் எச்சம் நிற்கிறது. 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று ஆங்கில ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்கள் கொண்டிருந்தமையால் அரசாங்கப் பதிவேடுகளில் அதற்கு ‘டொரிக்’ என்று பெயர். ஊர் மக்களிடம் போய்க் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்: அல்லிராணிக் கோட்டை.

அல்லி அரசாணி யார்? வாய்மொழியாகவும் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் தமிழ் மக்களிடையே உலவிய கதைப்பாடலின் நாயகி. முத்துக்கும் கடலுக்கும் உடையவளாக இக்கரை மக்கள் கற்பனை செய்துகொண்ட அரசி. ஆளுநர் ஒருவர் அரசாங்கப் பணத்தில் கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய கட்டடத்தை, பாட்டுக் கதை ஒன்று சத்தமின்றித் தன் உடைமையாக்கிக் கொண்டது. பாட்டுக்கு அத்தகைய வலிமை உண்டு. ஆனால் அந்த வலிமைமிக்க பாட்டு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு எழுதப்பட்டது, எவ்வாறு பதிவாயிற்று அல்லது பதிவாகாமலே போயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முசலிக் கரை அதை எண்ணிப் பார்க்கத் தக்க இடம். உலகில் வேறெந்தக் கடற்கரையிலும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுதப்பட்டிராது. அந்தக் கணக்கில் ஏறாமல் போன ஒரே பொருள் பாட்டு.

சலாபம் கூடிய நாட்களில் என்னென்ன கணக்கெடுக்கப்பட்டன என்று பாருங்கள். படகுகளின் எண்ணிக்கை, குளியாளரின் எண்ணிக்கை, பாரின் ஆழம், சிப்பியின் வயது, ஆயிரம் சிப்பிக்கு மாலை ஏலத்தில் கிடைத்த விலை, இத்தனையும் உண்டு. 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் கூடிய சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம். படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குள் சுமந்து சென்று மூன்று குவியலாகக் குவிக்க வேண்டும். இரண்டு குவியல் அரசுக்கு. எந்த இரண்டு என்பதை அதிகாரி சுட்டிக்காட்டுவார். மிஞ்சிய ஒன்று உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு. 1906இல் இந்தக் கொட்டுகளை மேற்பார்வை செய்த வெள்ளை அதிகாரிகளில் ஒருவர்தாம் லெனாட் வுல்ஃப். பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதியவர், எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்ஃபின் கணவர். தாம் அங்கு கண்டதை வைத்து அவர் எழுதிய ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற சிறுகதை 1921இல் வெளிவந்தது. அரசாங்க வேலை செய்துகொண்டே அரசாங்கத்தைச் சந்தேகித்த ஒரு மனச்சாட்சியின் குரல் அதில் கேட்கிறது.

விஞ்ஞானமும் வந்தது. பேராசிரியர் ஹேர்ட்மன் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பாகங்களாக அச்சேறிற்று. முத்து விளைவதற்குக் காரணம் எனக் கருதப்பட்ட ஒட்டுண்ணிப் புழுவுக்கும் அதிலே உரிய இடம் உண்டு. குளியாள் வாய் திறந்து பாடினானா, என்ன பாடினான் என்று கேட்டெழுதுவது அவர்களுக்கு இட்ட பணியன்று. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. முதலீட்டுக்கு எது வேண்டுமோ அதைத்தான் முதலீடு கணக்கெடுக்கும்.

நிற்க. பாட்டு எவ்வாறு பிறந்தது என்பதற்கு வருவோம்.

வட இலங்கைக் கடற்கரை முழுவதும் மீனவர் தொழிற்பாட்டுக்கு ‘அம்பா’ என்று பெயர். தோணி தள்ள ஓர் அம்பா, தண்டு வலிக்க ஓர் அம்பா, பாய் ஏற்ற ஓர் அம்பா, கரைவலை இழுக்க ஓர் அம்பா. முன்பாட்டுக்காரர் ஓரடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏலேலோ என்றோ வேறு அசைச்சொல் கொண்டோ பின்பாட்டுச் சொல்வார்கள். அந்த ஏலேலோவுக்கு ஏலேலசிங்கன் என்ற வணிகனைக் காரணம் காட்டும் கதையொன்று உண்டு; படித்தவர்கள் பின்னாளில் கட்டிய கதை போலவே அது தோன்றுகிறது. கயிறு பிடிக்கும் கைக்கு வணிகன் பெயர் எதற்கு? மூச்சை ஒரே கணத்தில் வெளியேற்ற நீண்ட உயிரொலி ஒன்று தேவை. அந்தத் தேவையே போதிய காரணம்.

அம்பாவின் அளவைத் தீர்மானிப்பது கயிறு. கரைவலையின் இரு முனைகளும் கடலிலிருந்து கரைக்கு வந்து சேர மணிக்கணக்காகலாம். பாட்டும் அத்தனை மணி நேரம் நீள வேண்டும். ஆகவே அது முன்கூட்டி எழுதி முடித்த பாட்டாக இருக்க இயலாது. முன்பாட்டுக்காரரிடம் இருப்பது ஒரு சேமிப்பு: தெய்வங்களின் பெயர்கள், அந்தோனியாரும் மாதாவும் நாகூர் ஆண்டவரும், காதல் அடிகள், மாமியாரைக் கேலி செய்யும் அடிகள், பங்கு பிரிக்கையில் கை நீளும் சம்மாட்டியைக் குத்திக் காட்டும் அடிகள். வலை இலேசாக வரும்போது விரைந்த சந்தம். பாரம் கூடியதும் அடியைக் குறுக்கி, ஒவ்வோர் அடியின் இறுதியிலும் அழுத்தம் விழச் செய்வார். அந்த அழுத்தத்தில் இருபது முப்பது பேரின் இடுப்பு ஒன்றாகப் பின்சாயும். இளைஞன் ஒருவன் சோர்ந்திருப்பதைக் கண்டால் அவன் பெயரையே அடியில் வைத்துக் கேலி பாடுவார். சிரிப்பில் சோர்வு போகும். சம்மாட்டியைப் பற்றிய அடி எப்பொழுது வரும் என்பதையும் அவரே அறிவார். பேச்சில் சொன்னால் வேலை போகும் செய்தி, பாட்டில் சொன்னால் வேலை நடக்கும். இயற்றுதல், இசையமைத்தல், நிகழ்த்துதல் என்று நாம் இன்று மூன்றாகப் பிரித்து மூவருக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில்கள் அனைத்தும் அங்கே ஒரே தொண்டையில், ஒரே கணத்தில் நிகழ்ந்தன.

உழைப்பின் சந்தத்திலிருந்தே கவிதை பிறந்தது என்ற கருத்தை ஜேர்மன் அறிஞர் கார்ல் பூஷர் 1896இல் நூலாக எழுதினார். ஆங்கில மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சன் அதை வளர்த்தார். பர்மிங்ஹாமில் அத்தொம்சனிடம் பயின்ற நம் கைலாசபதி வழியாக அக்கருத்து ஈழத்து வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதில் உண்மை மிகுதி. ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உழைப்பு சந்தத்தைத் தரும். பாட்டைத் தானாகத் தந்துவிடாது. முப்பது பேர் கயிறு இழுத்தாலும் முன்பாட்டுச் சொல்ல ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். அவர் கலைஞர். ‘நாட்டார் பாடல், ஆக்கியோன் பெயர் தெரியாது’ என்று நாம் எழுதும்போது பல சமயம் உண்மையில் சொல்வது, ‘நாம் கேட்கவில்லை’ என்பதே.

முத்துக்குளிப்பில் இப்பாட்டுக்கு இடம் எங்கே? பழைய குறிப்புகளின்படி ஒரு படகில் ஐந்து கல், பத்துக் குளியாளர். ஐவர் கீழே செல்ல, ஐவர் மேலே மூச்சு வாங்குவர். ஒரு முழுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். கல்லில் கால் வைத்து இறங்குபவனுக்குப் பாட்டில்லை. காதில் நீரின் அழுத்தம் மட்டுமே. பாடக் கூடியவர்கள் கயிறு பிடித்து நிற்பவர்களும் தண்டு வலிப்பவர்களும். நள்ளிரவில் கரைக்காற்றோடு பாருக்குப் போய், பிற்பகலில் கடற்காற்றோடு திரும்புவது வழக்கம். காற்று ஏமாற்றினால் மைல்கணக்கில் தண்டு வலிக்க வேண்டும். கரையில் இன்னொரு வகைக் குரலும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார். அவர் ஓதாவிட்டால் குளியாளர் கடலில் இறங்க மறுத்தனர். ஆதலால் கிறிஸ்தவ அரசாங்கமே அவருக்குப் படி அளந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஆசிரியர்கள் இதை எழுதிச் சிரித்திருக்கிறார்கள். வாய்க்குரலுக்காக அரசு பணம் கொடுத்தது இக்கரையின் வரலாற்றில் அநேகமாக அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்.

கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களும் வந்தனர். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியர் வந்தனர். வளைகுடாவில் முத்துப் படகு ஒவ்வொன்றிலும் ‘நஹ்ஹாம்’ என்ற பாடகர் இருப்பார். பாடுவதே அவர் தொழில். அதற்காகவே அவருக்குக் கூலி. அம்மரபில் வந்தவர்களும் எங்கள் கரைவலைக்காரரும் ஒரே மறிச்சுக்கட்டிக் கரையில், சிப்பி அழுகும் நாற்றத்துக்கும் ஈக்களுக்கும் நடுவே, வாரக்கணக்கில் அருகருகே குடிலமைத்துத் தங்கியிருந்தார்கள்.

இனி உலகத்தின் மறு பக்கத்தைப் பார்ப்போம். 1863 செப்டம்பரில் பாரிஸ் நகரில் ‘முத்துக் குளிப்போர்’ என்ற இசைநாடகம் மேடையேறியது. இசையமைத்த ஜோர்ஜ் பிசேக்கு வயது 24. கதை நிகழும் இடம் இலங்கைக் கடற்கரை. முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாகத்தான் கதையாசிரியர்கள் திட்டமிட்டார்களாம். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். மாற்றுவது அவ்வளவு எளிதாக இருந்ததற்குக் காரணம், இரண்டையுமே அவர்கள் கண்டதில்லை. அதில் வரும் குளியாளர் பிராமணக் கடவுளைப் பாடி, காதலுக்காகச் சத்தியம் செய்து, அழகிய மெட்டில் இறக்கிறார்கள். கொட்டும் இல்லை, மூன்று குவியலும் இல்லை. இசை என்ற அளவில் அது இனிமையானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. நல்ல மெட்டுக்கு நாட்டெல்லை கிடையாது. ஆனால் பதிவு வரலாற்றைக் கவனியுங்கள். அந்நாடகத்தின் காதற்பாட்டை உலகப்புகழ் பெற்ற இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூசோ 1904இல் இசைத்தட்டில் பாடினார். இரு தோழர் பாடும் பாட்டை 1907இல் மாரியோ அங்கோனாவோடு சேர்ந்து பதிந்தார். அந்த 1904இலும் 1907இலும் மறிச்சுக்கட்டியில் மெய்யான குளியாளர் மெய்யான கடலில் முழுகிக்கொண்டிருந்தார்கள். கற்பனைக் குளியாளனின் குரல் அரக்குத் தட்டில் ஏறி உலகைச் சுற்றி வந்தது.

ஒலிப்பதிவுக் கருவி இந்தப் பக்கம் வரவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 1902இன் இறுதியில் கிராமபோன் கம்பனியின் கெய்ஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிந்துவிட்டார். 1908இல் இலங்கைக்கே மெழுகுக் குழல் கருவி வந்தது. செலிக்மன் தம்பதியர் வேடரின் பாடல்களை அதிலே பதிந்தார்கள். 1911இல் வெளிவந்த அவர்களது ‘வேடர்’ என்னும் நூலில் அப்பதிவுகளை வைத்து மையர்ஸ் என்பவர் எழுதிய இசை அத்தியாயம் ஒன்றும் உண்டு. அது நற்பணி. ஆனால் கருவி காட்டுக்குப் போனதேன், சலாபத்துக்குப் போகாததேன்? அழிந்துவரும் ஆதி மனிதன் என்றால் அறிவியலுக்கு ஆர்வம். அரங்கப் பாடகி என்றால் வியாபாரத்துக்கு ஆர்வம். ஏலத்துக்குப் பொருள் கொண்டுவரும் கூலியாள் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவன் ஆதி மனிதனுமல்லன், பாடகனுமல்லன். கணக்கில் அவன் ஒரு கை.

வேறொரு தடையும் இருந்தது. அது கருவியிலேயே இருந்தது. 1925க்கு முந்திய பதிவு முறையில் ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகிலே கோடு கீறும். உச்சத்தில் பாடுகையில் சற்றுப் பின்வாங்க வேண்டும். தாழ்ந்தால் முன்னே குனிய வேண்டும். ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது மூன்று நிமிடமே. இராகத்தை மணிக்கணக்காக விரிப்பவர்கள் அதை மூன்று நிமிடத்துக்குள் மடக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த மடக்கலிலிருந்தே ஆரம்பம், பல்லவி, விரைந்த முடிவு என்று இன்றுவரை நாம் ‘பாட்டு’ என எண்ணும் வடிவம் உறுதிப்பட்டது. அம்பாவை மூன்று நிமிடத்தில் அடக்கினால் வலை இன்னும் நடுக்கடலில் இருக்கும். தண்டு வலிக்கும் முப்பது பேரையும் கூம்புக்கு முன்னால் நிறுத்தினால் தண்டு இருக்காது, கடல் இருக்காது. வேலையிலிருந்து கழற்றி எடுத்த அம்பா, எலும்பு கழற்றிய உடல் போன்றது.

1925ஆம் ஆண்டு ஒரு விந்தையான ஆண்டு. அவ்வாண்டில் மின்சார ஒலிவாங்கி கொண்டு இசைத்தட்டுப் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஒலிபரப்பத் தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் மன்னார்க் கடலில் பழைய முறையிலான கடைசிச் சலாபம் கூடிக் கலைந்தது. 1906இல் இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த இலண்டன் கம்பனி, 1907இன் பின் பார்கள் வெறுமையானதும் கைவிட்டுப் போயிற்று, நடுவில் நீண்ட இடைவெளி, பிறகு இந்த ஒரு சலாபம், அதோடு சரி. தண்டின் ஓசையோடு குரலையும் பிடிக்கத் தக்க கருவி பிறந்த ஆண்டும், பிடிக்க வேண்டிய குரல் ஓய்ந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தன.

ஆனால் முசலியிலும் அதைச் சூழ்ந்த மாதோட்டத்திலும் எழுதப்பட்ட பாட்டும் உண்டு. மன்னார்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்து மரபைத்தான் சொல்கிறேன். வடபாங்கு, தென்பாங்கு என்று அதற்கு இரு வழி. புலவர் நாடகத்தை ஏட்டில் எழுதுவார். அண்ணாவியார் அதை ஆடவும் பாடவும் பழக்குவார். ஏட்டிலே விருத்தம், கொச்சகம், தரு, சிந்து என்று பாவினத்தின் பெயர் எழுதியிருக்கும், சுரம் எழுதியிராது. ஒரு தருவின் தலைப்பில் அதன் சந்தம் தெரியும். மெட்டு அண்ணாவியாரின் நெஞ்சில் இருக்கும். ஏடு பாதி, நெஞ்சு பாதி. தவக்காலத்தில் கோயிலில் இசையோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கமும் இப்படித்தான். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய சொற்கள் அச்சில் உள்ளன, அவற்றை இழுத்து அழும் இராகம் வாய்வழியே வந்தது.

இந்த முறைக்கு ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. நன்மை, புலவர் எவ்வளவு எழுதினாலும் மெட்டுக்கு உயிர் கொடுப்பது ஊர். ஒவ்வோர் ஊரும் தன் சாயலைச் சேர்க்கும். ஆபத்து, அண்ணாவியார் ஒருவர் மறைந்தால் ஏடு ஊமையாகிவிடும். அந்த ஆபத்தை உணர்ந்து செயற்பட்டவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1956 முதல் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்த அவர், மன்னாரின் ‘என்றீக்கு எம்பரதோர்’ நாடகத்தை 1964இலும், ‘மூவிராசாக்கள்’ நாடகத்தை 1966இலும், ‘ஞானசௌந்தரி’ நாடகத்தை 1967இலும் அச்சேற்றுவித்தார். அக்கரையில் அதே 1964இல் நா. வானமாமலை, ஊர் ஊராகத் திரட்டிய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மூலம் வெளியிட்டார். பாமரர் பாட்டைப் பல்கலைக்கழகம் இலக்கியமாக மதிக்காத காலத்தில், ஆசிரியர்களும் மாணவர்களும் கட்சித் தொண்டர்களும் குறிப்பேட்டோடு வயலுக்கும் குப்பத்துக்கும் நடந்தார்கள் என்பது நம் இயக்கத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆயினும் அந்நூல்களைப் புரட்டும்போது மனம் தயங்குகிறது. சொல் இருக்கிறது, இசை இல்லை. ஒலிப்பதிவுக் கருவி அன்று ஏழைத் தொகுப்பாளருக்கு எட்டாக்கனி. பேராதனையில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோதும், விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்க நேர்ந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சுருக்கியிராவிட்டால் நகரத்து மாணவன் கூத்தின் முகத்தையே கண்டிருக்கமாட்டான்.

வானொலியோ? 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. தமிழ்த் திரைப்பாடல்கள் கடல் கடந்து தமிழ்நாட்டையும் எட்டின. அங்கே அகில இந்திய வானொலி திரைப்பாடலுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. கொழும்பிலிருந்து வந்த பாட்டு முசலியின் தேநீர்க் கடைக்கும் வந்தது. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக் குழுவுடன் பதிவான பாட்டோடு போட்டியிட அண்ணாவியாரால் இயலவில்லை. புதிய கூத்துகளில் தருவுக்குப் பதில் சினிமா மெட்டு நுழைந்தது. கேட்பவர்கள் விரும்பினார்கள் என்பதே அண்ணாவிமாரின் பதில். விருப்பம் என்பது எவர் கையில் ஒலிபெருக்கி இருக்கிறதோ அவரால் ஓரளவு உண்டாக்கப்படுவது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அம்பாவை நிறுத்தியதோ இயந்திரம். 1950களின் இறுதியிலிருந்து மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் வந்தன. பிறகு வெளியிணைப்பு மோட்டார்கள். கரைவலையைக் கூட வடகரையில் பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கிவிட்டது. இதற்காக ஒப்பாரி வைப்பது வசதியான நாற்காலியில் அமர்ந்திருப்பவனின் வேலை. முதுகு முறியத் தண்டு வலித்தவனிடம் போய், ‘உன் பாட்டுக்காக மீண்டும் தண்டு வலி’ என்று எவன் சொல்வான்? இயந்திரம் வரத்தான் வேண்டும். அதன் ஆதாயம் படகுடையவனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் போய், கயிறு இழுத்த முப்பது பேரில் பலருக்கு வேலையே இல்லாமற் போனதுதான் கேள்விக்குரியது. பாட்டுப் போனது அந்தக் கேள்வியின் ஒலிவடிவம்.

பின்னர் வந்தது யுத்தம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், அவர்களில் பெரும்பகுதி மன்னார் மாவட்டத்தினர். முசலியின் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். சிலாவத்துறையும் கொண்டச்சியும் மறிச்சுக்கட்டியும் சில நாட்களில் வெறுமையாயின. மக்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். தமிழ் பேசும் மக்களின் விடுதலை என்று பேசிய ஓர் இயக்கம் தமிழ் பேசும் மக்களையே துரத்திய இக்குற்றத்தை, முற்போக்காளர் எனப்படுவோரில் பலர் நெடுங்காலம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கு நம் பொருளுக்கு இதன் தொடர்பு யாதெனில், கையில் எடுத்துப் போக அனுமதிக்கப்பட்டவை மிகச் சில. வீட்டோடு போனவற்றில் குடும்பங்களின் கையெழுத்துக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் அடங்கும். களிகம்பு அடிக்கும் பாட்டும் கலியாண வீட்டுப் பாட்டும் பெண்களின் தாலாட்டும் நினைவில் மட்டும் பயணம் செய்தன. தாலாட்டு அகதி முகாமிலும் பிழைக்கும். குழந்தை எங்கும் அழும். கரைவலை அம்பா பிழைக்காது. அதற்குக் கரை வேண்டும். 2007இல் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மீனவர்களின் முறை. இராணுவ நடவடிக்கையின் பெயரால் அவர்கள் எழுப்பப்பட்டனர். யுத்தம் முடிந்த பின்னும் ஊரில் கடற்படைத் தளம் இருந்தது. 2017இல் அவர்கள் வீதியோரத்தில் பந்தலிட்டுப் போராடிய பின்னரே நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக அறிவிக்கப்பட்டது. ஒரு சமூகத்தை ஓர் ஆயுதமும் மறு சமூகத்தை மறு ஆயுதமும் எழுப்பின. அவ்விரு சமூகத்தாரின் பாட்டுக்கும் நிலம் ஒன்றே.

இப்பொழுது எல்லோர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. கருவி இல்லை என்ற பழைய சாக்கு ஒழிந்தது. ஆனால் பதிவு செய்தவுடன் புதிய கேள்வி பிறக்கிறது: பாட்டு யாருடையது? தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா 1939இல் ஜொகன்னஸ்பேர்க் கூடமொன்றில் ‘ம்புபே’ என்ற பாட்டைப் பதிந்தார். அதன் உச்சக்குரல் மெட்டை ஒலிவாங்கியின் முன் நின்றபடியே கற்பனை செய்து பாடினார்; முன்பாட்டுக்காரர் செய்யும் அதே வித்தை. அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு 1961இல் அமெரிக்காவில் சிங்கம் உறங்குவதாகச் சொல்லும் பாட்டாகிப் பல இலட்சம் டொலர் ஈட்டியது. 1962இல் லிண்டா வறுமையில் இறந்தார். அவர் மக்களுக்கு நியாயம் கிடைத்தது 2006இல். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புக் கூறுகிறது. வாசித்தால் மகிழ்ச்சி தரும் சட்டந்தான். ஆனால் வணிகப் பயனுக்கு அனுமதி தர வேண்டியவர் அமைச்சர் நியமிக்கும் அதிகாரி. பாடிய கரை அல்ல. மூன்று குவியலில் எந்த இரண்டு என்று சுட்டிக்காட்டிய பழைய விரலே நினைவுக்கு வருகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த இசையியலாளர் போல் ரோவ்சிங் ஓல்சன் 1958 தொடங்கிப் பாரசீக வளைகுடாவுக்குச் சென்று, முத்துத் தொழில் அழிந்து வெகுநாளான பின்னும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் பாட்டைப் பதிந்தார். அவருடைய பதிவுகள் இசைத்தட்டாக வந்தன. பஹ்ரேனின் அப்பாட்டு மரபு 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. தாழ்ந்த குரல்கள் கடலின் அடியிலிருந்து வருவனபோல் முனக, அவற்றின்மேல் நஹ்ஹாமின் ஒற்றைக் குரல் ஏறி நிற்கும் அத்தட்டுகளை இன்று எவரும் கேட்கலாம். அம்முதியவர்களின் தந்தையரும் பாட்டனாரும் ஆன தலைமுறை மறிச்சுக்கட்டிக்கு வந்துபோன தலைமுறை. 1905ஆம் ஆண்டு மார்கழிப் பனி விலகியபின் கூடிய அந்தப் பெருஞ்சலாபத்தில் நள்ளிரவுக் கடல்மேல் என்ன ஒலித்தது என்று அறிய விரும்பும் முசலி மாணவன், அதன் ஒரு சாயலையேனும் கேட்க அரபு நாட்டுத் தட்டைத்தான் சுழற்ற வேண்டும். பக்கத்துப் படகில் கயிறு பிடித்து நின்ற கீழக்கரையான் என்ன பதில் பாடினான் என்பது அந்தத் தட்டில் இல்லை.